‘ஓப்பன்ஹைமர்’ படத்தை ஊர் வாசிகசாலையில் சேர்ந்து பார்த்து உரையாடுவதற்கு ஒரு வழிகாட்டி

2023 யூலை 21 அன்று வெளிவந்த ‘ஓப்பன்ஹைமர்’, முதலாவது அணுகுண்டை உருவாக்கிய லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தின் இயக்குநராக இருந்த அமெரிக்கப் பௌதிகவியலாளர் ஜே. ரொபேர்ட் ஓப்பன்ஹைமரின் வாழ்க்கையைச் சொல்லும் மூன்று மணி நேரத் திரைப்படமாகும். கிறிஸ்தோபர் நோலன் நெறியாள்கை செய்து, கிலியன் மேர்பி முதன்மைப் பாத்திரமேற்ற இப்படம் 2024 மார்ச்சில் சிறந்த படம், சிறந்த நெறியாள்கை, சிறந்த நடிகர் என்பன உள்ளிட்ட ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. யாழ்ப்பாணத்தில் ஒரு வாசிகசாலையோ, சனசமூக நிலையமோ, பழைய மாணவர் சங்கமோ இப்படத்தைப் பலர் சேர்ந்து பார்த்து, பின்னர் அதைப் பற்றிப் பேசுவதற்கு ஒழுங்கு செய்ய விரும்பினால், அதற்கு என்னென்ன ஆயத்தங்கள் வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

ஆயத்தம் எதுவும் இல்லாமல் இப்படத்தைத் திரையிட்டால் பாதிப் பேர் முதல் அரை மணி நேரத்துக்குள் கதைத் தொடர்பை இழந்துவிடுவார்கள். காலம் முன்னும் பின்னுமாகத் தாவுகிறது. எண்ணற்ற பெயர்கள் வந்து போகின்றன. ஆங்கில உரையாடல் வேகமானது. ஆனால் இவற்றையெல்லாம் விட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இப்படம் குண்டைச் செய்தவர்களின் பக்கத்திலிருந்து சொல்லப்படுகிறது. குண்டு விழுந்த பக்கம் திரையில் காட்டப்படுவதில்லை. நம் ஊர்களில் நடுத்தர வயதைக் கடந்தவர்கள் பெரும்பாலும் விமானச் சத்தம் கேட்டுப் பதுங்குகுழிக்குள் இறங்கி இருந்தவர்கள். படம் சொல்லாமல் விட்ட பாதியை அறிந்தவர்கள் பார்வையாளர் வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு எல்லா ஒழுங்குகளையும் செய்ய வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

முதலில் ஒழுங்கமைப்பாளர்கள் பார்த்துவிட வேண்டும்

உரையாடலை நடத்தப் போகிறவர் படத்தைத் தனியே ஒருமுறையாவது முழுமையாகப் பார்த்துக் குறிப்பெடுத்திருக்க வேண்டும். இயலுமானால் பௌதிகவியல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரையும், வரலாறு அல்லது குடியியல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரையும் உடன் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் குண்டு எவ்வாறு வெடிக்கிறது என்பதையும், மற்றவர் விசாரணைக் காட்சிகளில் என்ன நடக்கிறது என்பதையும் விளக்கலாம்.

பொது இடத்தில் திரையிடுவதற்குப் படத்தின் உரிமையாளரிடமிருந்து அனுமதி பெறப்பட வேண்டும். அந்த அனுமதி கிடைக்காவிட்டால் முயற்சியைக் கைவிட வேண்டிய தேவையில்லை. அவரவர் தத்தம் வீட்டில் படத்தைப் பார்த்துவிட்டு, முன்விளக்கத்துக்கும் பின்னைய உரையாடலுக்கும் மாத்திரம் வாசிகசாலையில் கூடலாம். கீழே சொல்லப்படும் பெரும்பாலான ஆலோசனைகள் அந்த முறைக்கும் பொருந்தும்.

வயது பற்றிய முடிவையும் முன்கூட்டியே எடுக்க வேண்டும். இப்படம் அமெரிக்காவில் பதினேழு வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையுடன் மட்டுமே பார்க்கலாம் என்ற தரச்சான்றுடன் வெளியானது. ஓப்பன்ஹைமருக்கும் அவருடைய காதலி ஜீன் டற்லொக்குக்கும் இடையிலான உறவைக் காட்டும் நெருக்கமான காட்சிகள் உள்ளன. அவற்றுள் ஒன்றில், உலகங்களை அழிக்கும் காலன் நானே என்ற பகவத்கீதை வரி வாசிக்கப்படுவது இந்தியாவில் கடும் எதிர்ப்பைத் தோற்றுவித்தது. தாத்தா, பேரப்பிள்ளைகள், அயலவர் எல்லோரும் ஒரே மண்டபத்தில் இருக்கும்போது இக்காட்சி எதிர்பாராமல் வந்தால், அதன் பிறகு எவரும் வாய் திறக்கமாட்டார்கள். எனவே உயர்தர மாணவர்களுக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும் மட்டுமே படம் என்று அறிவித்தலிலேயே எழுதி, மாணவர்களின் பெற்றோருக்கு இக்காட்சிகள் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. கீதைக் காட்சியால் மனம் புண்படக்கூடியவர்கள் சபையில் இருப்பார்களாயின், அது வருவதை அவர்களுக்கும் முன்பே தெரிவிப்பது மரியாதை.

கால வரிசையைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்

என் அனுபவத்தில் இந்தப் படத்துக்கு மிகப் பயனுள்ள ஒரே உதவி, பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டப்படும் கால அட்டவணைதான். படத்தில் மூன்று காலங்கள் மாறி மாறி வருகின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டிவிட்டால் குழப்பத்தில் பெரும்பகுதி நீங்கிவிடும்.

முதலாவது, இளமை முதல் குண்டு வரையான காலம். 1904 இல் நியூயோர்க்கில் பிறந்த ஓப்பன்ஹைமர் 1920களின் நடுப்பகுதியில் கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருப்பதிலிருந்து கதை தொடங்குகிறது. அங்கே ஆய்வுகூட வேலையில் மனம் ஒட்டாமல், ஜேர்மனியின் கோட்டிங்கன் நகரில் மக்ஸ் போர்னிடம் சென்று 1927 இல் கலாநிதிப் பட்டம் பெற்று, பின்னர் கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் குவாண்டம் பௌதிகவியலைக் கற்பிக்கிறார். 1942 இல், அணுகுண்டு செய்வதற்கான இரகசிய மான்ஹற்றன் திட்டத்தின் இராணுவத் தலைவரான ஜெனரல் லெஸ்லி குரோவ்ஸ் அவரைத் தெரிவுசெய்ய, 1943 இல் நியூ மெக்சிக்கோவின் மேட்டு நிலத்தில் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடம் தொடங்குகிறது. 1945 யூலை 16 அதிகாலை 5.29 மணிக்கு, முதலாவது அணுகுண்டை வெடிக்கச் செய்து பார்த்த ட்ரினிட்டிச் சோதனை நடைபெறுகிறது. நான்கு வாரத்துக்குள் ஓகஸ்ட் 6 ஹிரோஷிமா, ஓகஸ்ட் 9 நாகசாகி.

இரண்டாவது, 1954 ஏப்பிரல் 12 தொடக்கம் மே 6 வரை வாஷிங்டனில் ஒரு சிறிய அறையில் நடந்த பாதுகாப்பு விசாரணை. அணுகுண்டிலும் பன்மடங்கு வலுவான ஐதரசன் குண்டை அவசரமாக உருவாக்குவதை எதிர்த்தமை, முன்னாளில் கம்யூனிஸ்ட் கட்சியினரோடு பழகியமை ஆகியவற்றை முன்வைத்து, அரச இரகசியங்களைப் பார்ப்பதற்கு ஓப்பன்ஹைமருக்கு இருந்த அனுமதியைத் தொடர்ந்து வழங்கலாமா என்று அங்கே ஆராயப்பட்டது. மூவர் கொண்ட குழு இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவருக்கு எதிராக முடிவு செய்தது. அணுசக்தி ஆணைக்குழு யூன் 29 அன்று நான்குக்கு ஒன்று என்ற வாக்கில் அனுமதியை இரத்துச் செய்தது.

மூன்றாவது, 1959 இல் அமெரிக்க செனற் சபையில் லூயிஸ் ஸ்ட்ரோஸின் அமைச்சர் பதவி நியமனம் ஆராயப்பட்ட நிகழ்வு. ஸ்ட்ரோஸ் அணுசக்தி ஆணைக்குழுவின் தலைவராக இருந்து ஓப்பன்ஹைமருக்கு எதிரான விசாரணையைப் பின்னின்று நகர்த்தியவர். அவரை வர்த்தகச் செயலாளராக நியமிப்பதை 1959 யூன் 19 அன்று செனற் சபை 49 இற்கு 46 என்ற வாக்குகளால் நிராகரித்தது.

பார்வையாளருக்குச் சொல்ல வேண்டிய எளிய விதி இதுதான்: ஓப்பன்ஹைமரின் பார்வையில் நிகழ்பவை வண்ணத்திலும், ஸ்ட்ரோஸின் பார்வையில் நிகழ்பவை கறுப்பு வெள்ளையிலும் உள்ளன. கறுப்பு வெள்ளை என்றால் பழைய காலம் என்று நாம் இயல்பாகவே எடுத்துக்கொள்வோம். இந்தப் படத்தில் கறுப்பு வெள்ளையில் வருவன பெரும்பாலும் பிந்திய ஆண்டுகளே. இதை மட்டும் முதலில் சொல்லிவிட்டாலும், ஒரே சந்திப்பு இரண்டு நிறங்களில் இரண்டு முறை வரும்போது, இருவரும் அதை வெவ்வேறாக நினைவுகூர்கிறார்கள் என்பது விளங்கிவிடும்.

பெயர்களைப் பொறுத்தவரை எல்லோரையும் அறிமுகப்படுத்த முனைய வேண்டாம். ஓப்பன்ஹைமர், அவருடைய மனைவி கிற்றி, குரோவ்ஸ், ஸ்ட்ரோஸ், ஐதரசன் குண்டுக்காக விடாப்பிடியாக நின்று விசாரணையில் ஓப்பன்ஹைமருக்கு எதிராகச் சாட்சி சொன்ன எட்வேர்ட் டெல்லர், அதே விசாரணையில் அவருக்காகப் பேசிய இசிடோர் ராபி ஆகிய அறுவரின் படங்களும் ஒவ்வொரு வரிக் குறிப்பும் சுவரில் இருந்தால் போதும்.

பௌதிகவியல் எவ்வளவு வேண்டும்

கால் மணி நேர விளக்கம் போதும். ஆனால் அந்தக் கால் மணி நேரத்தைத் தவறவிடக்கூடாது. 1938 இன் இறுதியில் பேர்லினில் ஓட்டோ ஹானும் பிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனும் நியூத்திரனால் தாக்கப்பட்ட யுரேனியத்தில் பேரியம் தோன்றுவதைக் கண்டார்கள். நாசிகளிடமிருந்து தப்பிச் சுவீடனில் இருந்த லீசே மைட்னரும் அவருடைய சகோதரியின் மகன் ஓட்டோ பிரிஷும் அது அணுக்கரு இரண்டாகப் பிளவுபடுவதே என்று விளக்கினார்கள். ஒரு கரு பிளவுபடும்போது ஏறத்தாழ 200 மெகா இலத்திரன்வோல்ற்றுச் சக்தியும், மேலும் இரண்டு அல்லது மூன்று நியூத்திரன்களும் வெளிப்படுகின்றன. அந்த நியூத்திரன்கள் அயலிலுள்ள கருக்களைப் பிளந்தால் சங்கிலித் தாக்கம் தொடர்கிறது. 1942 டிசம்பர் 2 அன்று சிக்காகோவில் என்றிக்கோ பேர்மி தலைமையிலான குழு முதன்முதலாக அதைக் கட்டுப்பாட்டுடன் நிகழ்த்திக் காட்டியது.

இயற்கை யுரேனியத்தில் எளிதில் பிளவுபடும் யுரேனியம்-235 என்ற சமதானி (ஒரே மூலகத்தின் வேறு திணிவுள்ள அணுவகை) வெறும் 0.7 சதவீதமே உள்ளது. அதைப் பிரித்தெடுக்க டெனசி மாநிலத்தில் ஓக் றிட்ஜ் என்ற நகரமும், யுரேனியத்திலிருந்து புளூட்டோனியத்தை ஆக்க வாஷிங்டன் மாநிலத்தில் ஹன்போர்ட் என்ற நகரமும் எழுந்தன. படத்தில் ஓப்பன்ஹைமர் கண்ணாடிப் பாத்திரங்கள் இரண்டில் அவ்வப்போது கண்ணாடிக் குண்டுகளைப் போடுவார். அந்த இரண்டு இடங்களிலும் சேர்ந்துகொண்டிருக்கும் யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் அவை குறிக்கின்றன. இதைச் சொல்லாவிட்டால் பலருக்கு அக்காட்சி விளங்காது.

குண்டுகள் இரண்டு வகை என்பதையும் சொல்ல வேண்டும். யுரேனியக் குண்டில் ஒரு துண்டை இன்னொரு துண்டின் மீது துப்பாக்கி போலச் செலுத்தினாலே போதுமாக இருந்தது. ஹிரோஷிமாவில் போடப்பட்ட அவ்வகைக் குண்டு முன்னர் ஒருபோதும் முழுமையாகப் பரிசோதிக்கப்படாதது. புளூட்டோனியத்தில் அந்த முறை பலிக்காது என்பதை 1944 இல் லொஸ் அலமோஸ் கண்டுகொண்டது. உலையில் உருவான புளூட்டோனியத்தில் தானாகவே பிளவுபடும் சமதானி கலந்திருந்ததால், துண்டுகள் சேர்வதற்கு முன்பே தாக்கம் தொடங்கிவிடும் என்பது காரணம். ஆகவே சுற்றிலும் வெடிமருந்தை ஒரே கணத்தில் வெடிக்கச் செய்து புளூட்டோனியக் கோளத்தை உள்நோக்கி நெருக்கும் முறை உருவாக்கப்பட்டது. அது வேலை செய்யுமா என்று எவருக்கும் உறுதியில்லாததாலேயே ட்ரினிட்டிச் சோதனை தேவைப்பட்டது. நாகசாகியில் விழுந்தது இந்த வகையே.

உயர்தர மாணவர்களுக்கு ஒரு கணக்கைக் கொடுங்கள். ஹிரோஷிமாக் குண்டின் சக்தி ஏறத்தாழ 15 கிலோதொன் (15,000 தொன்) ரீ.என்.ரீ. வெடிமருந்துக்குச் சமம். ஒரு கிலோதொன் 4.18 × 10¹² யூல். மொத்தச் சக்தியை ஒளியின் கதியின் வர்க்கத்தால் வகுத்தால், சக்தியாக மாறிய திணிவு ஏறத்தாழ 0.7 கிராம் என்று வரும். அக்குண்டினுள் 64 கிலோகிராம் யுரேனியம் இருந்தது. அதில் ஒரு கிலோகிராமுக்கும் குறைவானதே பிளவுபட்டது. பரீட்சை வினாத்தாளில் எத்தனையோ முறை எழுதிய சமன்பாடு ஒரு நகரத்தை என்ன செய்தது என்பதை இந்தக் கணக்கைத் தாங்களே செய்து பார்த்த மாணவர்கள் மறக்கமாட்டார்கள். படம் தொடங்குவதற்கு முன் கரும்பலகையில் இதைச் செய்ய வைப்பதையே நான் விரும்புவேன்.

மண்டபமும் சத்தமும்

புரொஜெக்ரர், வெள்ளைத் திரை, மின்தடைக்கு மாற்று ஏற்பாடு, சன்னல்களை மறைக்கத் துணி ஆகியவை வழக்கமானவை. விடுமுறை நாளொன்றின் பிற்பகல் இரண்டரை மணிக்குத் தொடங்கினால், தேநீர் இடைவேளையோடு ஆறு மணிக்குள் படம் முடிந்துவிடும்.  அயலில் கோயில் திருவிழா நடக்கும் நாட்களைத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் இப்படத்தில் மெல்லிய குரலில் பேசப்படும் உரையாடல்கள் ஏராளம். ஆங்கில வசன வரிகளைத் திரையில் இயக்கிவிடுங்கள். படம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒலிவாங்கியில் விளக்கம் சொல்ல வேண்டாம். தொடக்கத்திலும் இடைவேளையிலும் சொன்னால் போதும்.

ஒலி அளவைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ட்ரினிட்டிச் சோதனையின்போது திரையில் பேரொளி தோன்றி, நீண்ட நிசப்தத்தின் பின் எதிர்பாராத கணத்தில் வெடியோசை வந்து தாக்கும்படி அக்காட்சி அமைக்கப்பட்டுள்ளது. படம் முழுவதிலும் மரத் தரையைக் கால்களால் ஓங்கி மிதிக்கும் ஓசை திரும்பத் திரும்ப வந்து, வெற்றிக் கூட்டக் காட்சியில் உச்சம் பெறுகிறது. படமாளிகையில் இது வியப்பைத் தரலாம். ஆனால் 1995 யூலை 9 அன்று நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் விமானக் குண்டுவீச்சில் உயிரிழந்ததை நேரில் அறிந்தவர்களும், வன்னியில் கடைசிப் போரைக் கடந்து வந்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். திடீரென்று அறைந்து வரும் வெடியோசை அவர்களுடைய உடலை என்ன செய்யும் என்பதை நாம் அறிவோம். ஆகையால் மூன்று விடயங்களைக் கட்டாயம் செய்யுங்கள். ஒலியைப் படமாளிகை அளவுக்கு உயர்த்தாதீர்கள். சோதனைக் காட்சி எப்போது வரும் என்பதைத் தொடக்கத்திலேயே எல்லோருக்கும் அறிவியுங்கள். அது படம் தொடங்கி ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் வருகிறது. எழுந்து வெளியே செல்ல விரும்புபவர்களுக்குக் கதவருகே இருக்கைகளை ஒதுக்கி, வெளியே ஒருவர் துணையாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். எவராவது எழுந்து சென்றால் காரணம் கேட்கக்கூடாது.

அந்த நிசப்தத்துக்குப் பௌதிகவியல் காரணம் உண்டு. ஓப்பன்ஹைமர் இருந்த கட்டுப்பாட்டுப் பதுங்குகூடம் குண்டிலிருந்து ஏறத்தாழ 9 கிலோமீற்றர் தொலைவில் இருந்தது. ஒளி உடனே சேர்ந்துவிட, ஒலி வினாடிக்கு 340 மீற்றர் வேகத்தில் வந்து சேர ஏறத்தாழ 27 வினாடி எடுக்கும். படத்தில் இந்த இடைவெளி இன்னும் நீட்டப்பட்டுள்ளது. ஓசை எப்போது வரும் என்று கணக்கிட்டு வைத்திருக்கும் மாணவர்கூட அக்கணத்தில் பதறிப்போவார் என்பது நெறியாளரின் திறமை.

இடைவேளையை எங்கே வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். பலர் சோதனைக் காட்சி முடிந்தவுடன் நிறுத்த நினைப்பார்கள். அது தவறு. சோதனையின் களிப்பு, அடுத்து வரும் வெற்றிக் கூட்டம், அங்கே கைதட்டலுக்கு நடுவே ஓப்பன்ஹைமருக்குத் தோன்றும் உரிந்த முகம், கருகிய உடல் எல்லாம் ஒரே மூச்சில் தொடர வேண்டும். இடையில் தேநீர் வந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். விஞ்ஞானிகள் லொஸ் அலமோஸில் குடியேறி வேலையைத் தொடங்கிய பகுதி, அதாவது ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் கடந்த இடம், நிறுத்துவதற்கு ஏற்றது.

எது வரலாறு, எது கற்பனை

மாணவர்கள் படத்தை வரலாற்றுப் பாடமாக எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதால், சில இடங்களைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். படம் கை பேர்ட், மார்ட்டின் ஷேர்வின் ஆகிய இருவரும் எழுதி 2005 இல் வெளிவந்து புலிற்சர் பரிசு பெற்ற ‘அமெரிக்கன் ப்ரொமீதியஸ்’ என்ற வாழ்க்கை வரலாற்றை அடிப்படையாகக் கொண்டது. பெருமளவுக்கு அதற்கு உண்மையாகவும் இருக்கிறது. ஆனால் குளக்கரையில் ஐன்ஸ்டீனோடு ஓப்பன்ஹைமர் பேசுவது நோலனின் கற்பனை. வெடிப்பு வளிமண்டலத்தையே எரித்துவிடுமோ என்ற ஐயத்தை ஓப்பன்ஹைமர் உண்மையில் கொண்டுசென்றது பௌதிகவியலாளர் ஆர்தர் கொம்ப்டனிடம்; பார்வையாளருக்கு நன்கு தெரிந்த முகம் வேண்டும் என்பதற்காகவே படத்தில் அது ஐன்ஸ்டீனாக மாற்றப்பட்டது. அந்த அச்சம் வீணானது என்பதைப் பௌதிகவியலாளர் ஹான்ஸ் பெதேயின் கணிப்புகள் முன்னதாகவே காட்டியிருந்தன. கேம்பிரிட்ஜ் ஆசிரியரின் மேசையில் நஞ்சூட்டிய அப்பிளை வைத்த கதைக்கு நம்பகமான ஆதாரம் குறைவு.

ஜனாதிபதி ட்ரூமனிடம் தன் கைகளில் இரத்தம் இருப்பதாக ஓப்பன்ஹைமர் சொன்ன சந்திப்பு 1945 ஒக்டோபரில் நடந்தது உண்மை. அவரை அழுமூஞ்சி விஞ்ஞானி என்று ட்ரூமன் பின்னர் கடிதமொன்றில் இகழ்ந்ததும் உண்மை. கருங்குழிகள் பற்றி ஓப்பன்ஹைமரும் அவருடைய மாணவர் ஹார்ட்லண்ட் ஸ்னைடரும் எழுதிய கட்டுரை, ஜேர்மனி போலந்தின் மீது படையெடுத்த அதே 1939 செப்டெம்பர் 1 அன்று வெளியானது என்பதும் வரலாறே. போர் வராதிருந்தால் அவர் அந்தப் பாதையில் எவ்வளவு தூரம் சென்றிருப்பார் என்று எண்ணிப் பார்க்கும் எந்தப் பௌதிகவியல் மாணவருக்கும் மனம் கனக்கும்.

உரையாடலை எப்படி நடத்துவது

படம் முடிந்த கையோடு கருத்துக் கேட்காதீர்கள். கால் மணி நேரம் விட்டு, கதிரைகளை வட்டமாக மாற்றி, பிறகு தொடங்குங்கள். முதலில் மாணவர்களைப் பேச விடுவது நல்லது. பெரியவர்கள் முதலில் பேசினால் பிள்ளைகள் அடங்கிப் போவார்கள். மூத்தவர்கள் முறை வரும்போது, ஐயா, அம்மா என்று ஒவ்வொருவரையும் மரியாதையோடு அழைத்து, விரும்பினால் மட்டும் பேசும்படி கேளுங்கள். தம் போர்க்கால அனுபவத்தைச் சொல்லும்படி எவரையும் தூண்டக்கூடாது. அவர்களே சொல்லத் தொடங்கினால், நேரம் போகிறது என்று இடைமறிக்கவும் கூடாது.

தொடக்க வினாவாக நான் பரிந்துரைப்பது, திரையில் காட்டப்படாத ஒன்றைப் பற்றியது. ஹிரோஷிமாவின் அழிவைக் காட்டும் படங்களை விஞ்ஞானிகள் பார்க்கும் காட்சியில், நாம் பார்ப்பது ஓப்பன்ஹைமரின் முகத்தை மட்டுமே. அவரும் கண்களைத் தாழ்த்திக்கொள்கிறார். இப்படிக் காட்டாமல் விட்டது சரியா? அவருக்குத் தெரிந்ததை மட்டுமே படம் காட்டுகிறது, ஆகவே அது நேர்மையானது என்று சிலர் வாதிடுவார்கள். இறந்தவர்களுக்கு ஒரு முகம்கூடக் கொடுக்காதது அநீதி என்று வேறு சிலர் சொல்வார்கள். நான் இரண்டாவது கருத்துக்கு நெருக்கமானவன் என்றாலும், முதலாவதில் வலு இருப்பதை ஏற்கிறேன். இந்த இடத்தில் உரையாடலை நடத்துபவர் எண்களைச் சொல்ல வேண்டும். 1945 முடிவதற்குள் ஹிரோஷிமாவில் ஏறத்தாழ 140,000 பேரும் நாகசாகியில் ஏறத்தாழ 70,000 பேரும் இறந்தார்கள் என்று மதிப்பிடப்படுகிறது. அவர்களுள் வேலைக்காகக் கொண்டுவரப்பட்டிருந்த கொரியர்களும் பல்லாயிரம் பேர். தப்பிப் பிழைத்தவர்களின் அமைப்பான நிஹொன் ஹிடான்கியோ 1956 இல் தொடங்கப்பட்டு, 2024 இல் சமாதானத்துக்கான நோபல் பரிசைப் பெற்றது. ட்ரினிட்டியின் கதிரியக்கச் சாம்பல் படிந்த நியூ மெக்சிக்கோக் கிராமத்தவர்களும் படத்தில் இல்லை. கதிரியக்கப் பாதிப்புக்கு நட்டஈடு வழங்க 1990 இல் அமெரிக்கா இயற்றிய சட்டத்திலும் அவர்கள் அப்போது சேர்க்கப்படவில்லை.

அடுத்த வினா விஞ்ஞானியின் பொறுப்பைப் பற்றியது. நாசிகள் முந்திவிடுவார்கள் என்ற அச்சமே பலரை இத்திட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஜேர்மனி 1945 மே மாதம் சரணடைந்துவிட்டது. அதன் பிறகும் வேலை நிற்கவில்லை, வேகமே கூடியது. ஏன்? படத்தில் இடம்பெறாத ஒருவரை இங்கே அறிமுகப்படுத்துங்கள். போலந்துப் பௌதிகவியலாளரான ஜோசப் ரொட்பிளட், ஜேர்மனியிடம் குண்டு இல்லை என்பது தெளிவானதும் 1944 இன் இறுதியில் லொஸ் அலமோஸை விட்டு விலகினார். பின்னர் வாழ்நாள் முழுவதும் அணுவாயுத ஒழிப்புக்காக உழைத்து, 1995 இல் தாம் தொடக்கத்திலிருந்து இயங்கிவந்த, அணுவாயுத ஆபத்தைக் குறைக்க விஞ்ஞானிகள் கூடிப் பேசும் பக்வோஷ் அமைப்போடு சமாதானத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எச்சரிக்கை கொடுக்காமல் குண்டைப் பயன்படுத்தக்கூடாது என்று கோரி, 1945 யூலையில் மான்ஹற்றன் திட்டத்திலேயே பணிபுரிந்த பௌதிகவியலாளர் லியோ சிலார்ட் எழுபது விஞ்ஞானிகளின் கையொப்பத்தைத் திரட்டினார். படத்தில் அது சில கணங்களே வந்து போகிறது. விலகிய ரொட்பிளட், உள்ளே இருந்தபடி எதிர்த்த சிலார்ட், முடித்துக் கொடுத்துவிட்டுப் பின்னர் வருந்திய ஓப்பன்ஹைமர், வருந்தாமல் அடுத்த குண்டுக்குப் போன டெல்லர் ஆகிய நால்வரில் யாருடைய வழி சரியானது என்று மாணவர்களிடம் கேளுங்கள். நம் பிள்ளைகளில் பலர் பொறியியலாளராகவும் விஞ்ஞானியாகவும் வெளிநாடுகளில் வேலை பார்க்கப் போகிறவர்கள். தாம் எழுதும் கணிப்பும் வரையும் வரைபடமும் எங்கே போய் முடியும் என்று கேட்கும் உரிமையும் கடமையும் அவர்களுக்கு உண்டு.

மூன்றாவது வினா 1954 விசாரணையைப் பற்றியது. அது நீதிமன்றம் அல்ல என்று திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டாலும், ஒரு மனிதரின் வாழ்க்கையை அது தீர்ப்பிட்டது. அவருடைய சட்டத்தரணிக்குப் பாதுகாப்பு அனுமதி இல்லாததால், எதிர்த்தரப்பினர் கையில் வைத்திருந்த இரகசிய ஆவணங்களை அவரால் பார்க்க முடியவில்லை. பல ஆண்டுகளுக்கு முந்திய நட்பும் உறவும் குற்றமாக வாசிக்கப்பட்டன. கோப்பில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை எத்தகையது என்பதை நம் சபையில் விளக்க வேண்டிய தேவை இராது. அந்த முடிவை 2022 டிசம்பரில் அமெரிக்க அரசு அதிகாரபூர்வமாக இரத்துச் செய்தது. ஓப்பன்ஹைமர் 1967 இலேயே இறந்துவிட்டார். காலம் கடந்து கிடைக்கும் இத்தகைய நீதிக்கு ஏதாவது பெறுமதி உண்டா என்று கேட்டால் நீண்ட நேரம் பேச விடயம் இருக்கும்.

ஒரு சிக்கலைக் கவனிக்க வேண்டும். ஓப்பன்ஹைமர் அநியாயமாக நடத்தப்பட்டார் என்ற உணர்வைப் படத்தின் கடைசி ஒரு மணி நேரம் மிக வலுவாகத் தோற்றுவிப்பதால், சபையின் இரக்கம் முழுவதும் அவர் பக்கம் திரும்பிவிடும். அனுமதி பறிக்கப்பட்ட ஒரு விஞ்ஞானியின் துயரமும், எரிந்துபோன இரண்டு நகரங்களும் ஒரே தராசில் வைக்கத்தக்கவை அல்ல என்பதை, உரையாடலை நடத்துபவர் அமைதியாகவேனும் எடுத்துச் சொல்ல வேண்டும். இதனாலேயே விசாரணை பற்றிய வினாவை மூன்றாவதாக வைத்தேன். அதை முதலில் எடுத்தால் மற்ற இரண்டுக்கும் நேரம் கிடைக்காது.

அடுத்த அமர்வு

ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்க முயலாமல், இரண்டு கிழமை கழித்து ஒரு மணி நேர அமர்வொன்றை வையுங்கள். அதற்குரிய பொருளை நம் நாட்டிலேயே எடுத்துக்கொள்ளலாம். சர்வதேச நீதிமன்றம் 1996 யூலை 8 அன்று அணுவாயுதங்களின் சட்டத்தன்மை பற்றி ஆலோசனைக் கருத்தை வழங்கியபோது, அவற்றின் பயன்பாடு பொதுவாகச் சட்டத்துக்கு முரணானது என்று கூறியபோதும், ஒரு நாட்டின் இருப்பே ஆபத்துக்குள்ளாகும் கடைசிக் கட்டத் தற்காப்பைப் பற்றி உறுதியாகச் சொல்லாமல் விட்டது. இலங்கையரான நீதியரசர் கிறிஸ்தோபர் வீரமந்திரி அதற்கு உடன்படாமல், எந்தச் சூழ்நிலையிலும் அணுவாயுதத்தைப் பயன்படுத்துவதோ அதைக் காட்டி அச்சுறுத்துவதோ சட்டவிரோதம் என்று நீண்ட மாறுபட்ட கருத்தை எழுதினார். அதில் அவர் பல சமய மரபுகளை எடுத்துக்காட்டுகிறார். அளவுகடந்த அழிவைத் தரும் பாசுபதாஸ்திரத்தை, போர் நெறியை மதித்து அர்ச்சுனன் பயன்படுத்தாமல் விட்டதும் அவற்றுள் ஒன்று. கீதையின் வரியை ஓப்பன்ஹைமரோடு சேர்த்து மட்டுமே கேட்டிருக்கும் மாணவர்களுக்கு, அதே மகாபாரதத்தை ஒரு நீதியரசர் எதிர்த் திசையில் எடுத்தாண்டிருப்பது புதிய செய்தியாக இருக்கும்.

அந்தக் கருத்தின் சில பக்கங்களை மாணவர் ஒருவர் தமிழில் சுருக்கி வாசிக்கலாம். பாசுபதம் பற்றிய பகுதியைப் புராண படனம் செய்யும் பெரியவர் ஒருவர் விரித்துச் சொல்லலாம். அணுவாயுதங்களைத் தடைசெய்யும் ஒப்பந்தம் 2017 இல் ஏற்கப்பட்டு 2021 ஜனவரி 22 அன்று நடைமுறைக்கு வந்ததையும், இலங்கை 2023 செப்டெம்பரில் அதில் இணைந்ததையும், அணுவாயுதம் வைத்திருக்கும் நாடு எதுவும் அதில் இணையவில்லை என்பதையும் இன்னொரு மாணவர் எடுத்துச் சொல்லலாம். முதல் நாளில் பேசாமல் இருந்தவர்களுக்கு இந்த அமர்வில் முதலிடம் கொடுங்கள்.